சுரங்கத்தில் இறங்கிய இளவரசி

முற்றுகையின் ஒன்பதாம் நாள் காலை, வடக்கு மதில்மேல் இளவரசி முதன்முதலாக ஒரு மனிதனைக் கொன்றாள். அவளுக்குப் பதினேழு வயது. ஏணியில் ஏறி வந்தவன் கையில் வெறும் கடப்பாரைதான் இருந்தது. அதை அவன் ஓங்குவதற்குள் அவள் வாள் அவன் விலாவில் இறங்கிவிட்டது.

அது அம்மாவின் வாள். அது யார் உயிரை எடுக்கிறதோ, அவருடைய நினைவெல்லாம் வாள் பிடித்தவர் நெஞ்சுக்குள் வந்து குடியேறிவிடும். அம்மா பதினோரு பேரைச் சுமந்தபடியே கண்ணை மூடினாள். இப்போது அரசியாக இருக்கும் அக்கா, நான்கு பேரோடு போதும் என்று வாளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது அவன் நினைவெல்லாம் அவளுக்குள் இறங்கியது. செத்தவன் கிணறு வெட்டுகிறவன். மண்ணை மோந்து பார்த்தே எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிவிடுவான். இரண்டு வருடமாக அவன் மூக்குக்கு வேலையில்லை. ஆற்றை மேலே அணையில் மறித்துவிட்டார்கள். கீழே ஊர் ஊராகக் கிணறுகள் வற்றிப்போயின. அவன் மனைவி ஈரத்துணியால் கைக்குழந்தையின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு தம்பி. காது பெரிதாக இருப்பதால் ஊரே அவனை 'முறம்' என்று கூப்பிடும். அந்த முறம் இந்த நிமிடம் மேற்கு மதிலுக்கு அடியில், தானியக் கிடங்கின் நேர்கீழே, முப்பது பேரோடு சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தான். நாளை மதியத்துக்குள் மதில் சரிந்துவிடும்.

இளவரசி மதில் படியில் உட்கார்ந்து வாளிலிருந்த ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து அக்காவிடம் போனாள்.

வரைபட அறையில் அக்காவோடு தளபதியும் இருந்தார். சுரங்கத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"அகழித் தண்ணிய உள்ள திருப்பி விட்டா கொஞ்ச நேரத்துல கதை முடிஞ்சிடும்," என்றார்.

"அக்கா, அணைய மூடினது யாரு?"

"அப்பா. நம்ம வயலுக்கே பத்தலைன்னாரு. நான் பட்டத்துக்கு வந்தும் திறக்காம விட்டுட்டேன்."

"கைக்குழந்தைங்க தாகத்துல செத்திருக்கு. நான் பாத்தேன்."

"எனக்குள்ளயும் நாலு பேரு பேசிக்கிட்டேதான் இருக்காங்க. எல்லார் பேச்சையும் கேட்டா நம்ம ஊரு மிஞ்சாது." அக்கா தளபதி பக்கம் திரும்பினாள். "சாயங்காலத்துக்குள்ள தண்ணிய விடுங்க."

இளவரசி இடுப்பிலிருந்து வாளுறையை அவிழ்த்தாள். வாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கிடங்குக்கு நடந்தாள். மூட்டைகளைத் தள்ளினாள், ஒரு கடப்பாரையை எடுத்துத் தரைக்கல்லில் குத்தினாள். அதுவரை அவள் கடப்பாரையைத் தொட்டதில்லை. ஆனால் எந்த இடத்தில் நெம்பினால் கல் அசையும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. கல் பெயர்ந்ததும் கீழே சுரங்கம் தெரிந்தது.

"நான் உள்ள இருக்கேன்னு அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க," என்று கிடங்குக் காவலாளியிடம் சொல்லிவிட்டுத் துளைக்குள் குதித்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் முப்பது முகங்கள் அவளை வெறித்தன. எல்லாருக்கும் உதடு வெடித்திருந்தது.

"நான் இந்த ஊர் இளவரசி. சுரங்கத்துல தண்ணிய விடப் போறாங்க. நான் இங்க இருக்கற வரைக்கும் விடமாட்டாங்க."

பெரிய காதுக்காரன் ஒருவன் முன்னால் வந்தான். "காலையில எங்கண்ணன் மதில் ஏறினான். என்ன ஆனான்?"

"அவரக் கொன்னது நான்தான்."

கடப்பாரை அவள் தலைக்குமேல் உயர்ந்தது. அவள் நகரவில்லை.

"என் வாளால செத்தவங்க நினைவெல்லாம் எனக்குள்ள வந்துடும். உங்களுக்கு முறம்னு பேரு வெச்சதே அவர்தான். நீங்க அழுதீங்க. அதுக்காக அவரு ஒரு நாள் பூரா தன் காதையே பிடிச்சு இழுத்துக்கிட்டுத் திரிஞ்சாரு."

கடப்பாரை கீழே விழுந்தது. முறம் மண்சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதான்.

மேலே துளையில் அக்காவின் முகம் தெரிந்தது. "வெளிய வா."

"அணையத் திறக்கச் சொல்லு. வரேன்."

"வெளியில தண்ணி தயாரா நிக்குது. இங்கயே செத்துப்போவ."

"தெரியும்."

தளபதி ஏதோ சொல்ல வந்தார். அக்கா கையால் தடுத்து ஏணி கேட்டாள். பட்டுப்புடவை சேற்றில் புரள இறங்கி வந்து, ஒவ்வொருவர் முகமாக விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். கடைசி ஆளைப் பார்த்து முடித்ததும் விளக்கைக் கீழே வைத்தாள்.

"குதிரைக்காரங்கள அணைக்கு அனுப்புங்க," என்று மேலே பார்த்துச் சொன்னாள். "எல்லா மதகையும் திறக்கணும்."

மூன்றாம் நாள் தண்ணீர் கீழ் ஊர்களை எட்டியது. எதிரிகள் கூடாரங்களைப் பிரித்தார்கள். ஊருக்குள் சிலர் இளவரசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காட்டிக்கொடுத்தவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் கிணறு வெட்டியின் உடலைக் கிடத்திய பாடையின் ஒரு முனையைத் தன் தோளில் தாங்கி, கோட்டை வாசல்வரை கொண்டு வந்தாள்.

முறம் அந்த முனையை வாங்கிக்கொண்டான். "கடைசியில பயந்தானா?"

"பயந்தாரு. ஆனா ஏணியில ஏறும்போது முட்டி வலிச்சுது. அதைத்தான் திட்டிக்கிட்டே வந்தாரு."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து அடங்கியது. "என்னால உங்கள மன்னிக்க முடியாது."

"சரி."

நான்கு எட்டு வைத்தவன் திரும்பாமலேயே நின்றான்.

"அண்ணன் பொண்ணுக்கு அவ அப்பன் முகம்கூட ஞாபகம் இருக்காது. உங்களுக்கு எல்லாமே இருக்கு. பெரியவளானதும் கேக்க வருவா. அதுவரைக்கும் உயிரோட இருங்க."

"இருக்கேன்," என்றாள் இளவரசி.