டக்கெட்டின் கடவுள்

பின்வாசல் படியில் உட்கார்ந்து ஆர்லிஸ் போனில் சிரித்துக்கொண்டிருந்தான். அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்த வெர்னாவின் கை நின்றது. அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தச் சிரிப்பை அவள் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். விஸ்கி வந்து அதைக் கொண்டுபோயிற்று. விஸ்கி போனபின் சிரிப்பு திரும்பி வந்தது, ஆனால் அவளிடம் வரவில்லை. டக்கெட்டிடம் போய்விட்டது.

டக்கெட் ஊர்க்கோடியில் டயர் கடை வைத்திருக்கும் கிழவர். ஒரு காலத்தில் குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அவர்களுடைய சர்ச்சின் கீழ்த்தளத்தில் குடியை விட நினைப்பவர்கள் கூடுவார்கள். ஆர்லிஸுக்கு அவர்தான் அங்கே துணை. தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் தன்னை ஒப்படைக்க வேண்டும், அந்தச் சக்தி எதுவென்பது அவரவர் இஷ்டம் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். டக்கெட்டுக்கு அது ஆறு. கடைக்குப் பின்னால் ஓடுகிற, கெளுத்தி பிடிக்கிற அதே ஆறு.

"தண்ணியையா கும்பிடறாரு?" என்று வெர்னா ஒருநாள் கேட்டாள்.

"கும்பிடறதெல்லாம் இல்ல. கரையில போய் உக்காருவாரு. மனசு அடங்குதாம்."

"நீ?"

ஆர்லிஸ் சோளரொட்டியைப் பிட்டான். "எனக்கு இன்னும் தெரியல, வெர்னா. யாரோ இருக்காங்கன்னு மட்டும் தெரியுது."

யாரோ. எத்தனை வருஷம் புதன்கிழமைதோறும் பட்டினி கிடந்து உபவாசம் இருந்திருக்கிறாள். அவன் வாந்தியைத் துடைத்த அதே தரையில் முழங்காலில் நின்று இயேசுவின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருக்கிறாள். கடைசியில் இவனை மீட்டது யாரோ.

அவன் குடியை விட்டு ஒரு வருஷம் ஆனபோது கூட்டத்தில் பித்தளைக் காசு ஒன்று கொடுத்தார்கள். வெர்னா பூப்போட்ட நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவன் டக்கெட்டுக்கு நன்றி சொன்னான். கூட்டத்துக்குச் சொன்னான். பெயர் தெரியாத அந்தச் சக்திக்குச் சொன்னான். "அப்புறம், பொறுத்துக்கிட்ட என் மனைவிக்கு" என்று முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடியும்வரை அவளால் உட்கார முடியவில்லை. காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளே பாஸ்டர் வின்ஃபீல்டைப் பார்க்கப் போனாள். "கர்த்தரோட வீட்டுக்குள்ளயே பேரில்லாத சாமிக்கு நன்றி சொல்றாங்க, பாஸ்டர். ஒருத்தர் ஆத்தச் சாமிங்கறாரு. இது விக்கிரக ஆராதனை இல்லயா?" சொல்லும்போது குரல் நடுங்கியது. பாஸ்டர் அதைப் பக்தி வைராக்கியம் என்று எடுத்துக்கொண்டார். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் உட்கார்ந்து பேசினார்கள். இயேசு பெயரைச் சொல்லாத ஜெபத்துக்குச் சபையின் கூரை எதற்கு என்றார் ஒரு மூப்பர். குடிக்காமல் இருக்கிறார்களே, அது போதாதா என்றாள் ஒரு விதவை. பாஸ்டர், "சகோதரி வெர்னா இத நம்ம கவனத்துக்குக் கொண்டுவந்தாங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்லிஸ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் உயர்ந்தன. கீழ்த்தளம் இனி அவர்களுக்கு இல்லை என்று முடிவாயிற்று.

ஆர்லிஸ் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல் கேட்டான்.

"எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப? டக்கெட்டுக்கு போன் போட்டிருப்ப." அவள் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "உனக்காக நான் எவ்வளவு ஜெபம் பண்ணேன். ஒருநாளாவது எம்பக்கத்துல முழங்கால் போட்டியா?"

"நீ ஜெபம் பண்றப்ப நான் பக்கத்து ரூம்லதான் படுத்திருப்பேன், வெர்னா. நான் செஞ்சதெல்லாம் ஒண்ணு விடாம சொல்லுவ. எம்பேர்ல புகார் குடுக்கற மாதிரி இருக்கும். அங்க யாரும் என்னப் பத்திப் பேசல. நானே பேசினேன்." கதவைத் திறந்தவன் இறங்காமல் இருந்தான். "நீ கேட்டது பலிக்கலன்னு நான் சொல்லவே இல்லயே."

அவள் தன் பக்கக் கதவைத் திறந்து முதலில் இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை அவன் கூட்டத்துக்குக் காபி போடும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று அவன் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, பால் வாங்கப் போகிறேன் என்று காலி வீட்டிடம் சொல்லிவிட்டுத் தன் காரை எடுத்தாள். கடைத்தெருவைத் தாண்டி நேரே ஊர்க்கோடிக்குப் போனாள்.

டயர் கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. சாலையின் எதிர்ப்பக்கத்தில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். உள்ளே அடுக்கி வைத்த டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வட்டமாக நின்று கைகோத்தார்கள். கூட்டம் முடிகிற நேரம். காசு கொடுத்த அன்றைக்கு அவள் பாதியில் எழுந்து போனதால் பார்க்காமல் விட்ட நேரம். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லத் தொடங்கினார்கள். முதல் வார்த்தையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பரமண்டல ஜெபம். இயேசுவே கற்றுக்கொடுத்த, சிறுவயதில் அவள் மனப்பாடம் செய்த அதே ஜெபம். டக்கெட்டின் உதடுகளும் அசைந்தன. அவர் கை ஆர்லிஸின் கைக்குள் இருந்தது.

அதற்குள் யாரோ ஒருத்தி தடுமாறி ஷட்டருக்கடியில் குனிந்து நுழைந்தாள். சின்ன வயசுப் பெண். நிற்கிற விதத்திலேயே குடித்திருப்பது தெரிந்தது. யாரும் ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆர்லிஸ் டக்கெட்டின் கையை விட்டுவிட்டு ஓரடி நகர்ந்து, அந்தப் பெண்ணுக்குத் தன் கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் டக்கெட் பிடித்துக்கொண்டார்.

வெர்னா ஆர்லிஸின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெபம் பாதி தாண்டியிருந்தது. அவள் வாய் தன்னாலே அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது, அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால்.