பெட்டிக்கு எத்தனை புள்ளி

அந்தக் காம்பவுண்டில் எட்டுக் குடித்தனம், ஒரே மீட்டர். முன்கூட்டியே காசு போட்டால்தான் கரண்ட். யார் எவ்வளவு போடுவது என்பதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. பல்பும் ஃபேனும் சேர்ந்து ஒரு புள்ளி, டிவிக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு இரண்டு. இஸ்திரிப் பெட்டிக்கு எத்தனை என்ற தகராறில் போன வருஷம் நிச்சயம் செய்த கல்யாணம் ஒன்று நின்றுபோனது. கானா நாட்டு அக்ராவில் இப்படித்தான்.

எலிகெமின் அறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன. ஆபீசில் அவனுக்கு வேலை, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுப்பது. அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் சர்வர் கட்டி மேய்க்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. வீட்டில் இயந்திரம் வைத்துக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது வயதிலும் காகிதம்தான்.

வாடகை வாங்கும் வீட்டுக்காரி மா டெடே ஐஸ் தண்ணீர் பாக்கெட் வியாபாரம் செய்பவள். ஒருநாள் வாசலில் நின்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"மூணு பெட்டி, மூணு புள்ளி. முடியலன்னா தூக்கி வெளிய வை."

முடியாது. அவன் சம்பளத்துக்கு ஒரு புள்ளியே பெருமூச்சு. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரே பெரிய பெட்டி. அதற்குள் எல்லாக் கம்ப்யூட்டரையும் போலியாக உண்டாக்கி ஓட்டுவது. ஆபீசில் கழித்துக்கட்டிய சர்வர் ஒன்றை ஸ்டோர்காரனைப் புகழ்ந்து புகழ்ந்து வாங்கினான். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், ஹார்ட் டிஸ்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று செத்தாலும் இன்னொன்றை வைத்துச் சமாளிக்கும் ரெய்டு கார்டை எவனோ உருவிக்கொண்டு போயிருந்தான்.

கார்டு வாங்க சர்க்கிள் சந்தைக்குப் போகும்போது ஃபீஃபியையும் கூட்டிக்கொண்டான். ஃபீஃபி கூடப் படித்தவன், வங்கியில் சர்வர் பார்க்கிறவன். அதனாலேயே அடுத்தவன் காசு என்றால் தாராளம்.

கடைக்காரர் அல்ஹாசன் மூன்று கார்டுகளைப் பழைய பேப்பர் மேல் வரிசையாக வைத்தார்.

"இது ராஜா. பேட்டரியோட. எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போனாலும், பாதியில நின்னத ஞாபகம் வச்சிருக்கும்."

"இதையே வாங்கு," என்றான் ஃபீஃபி.

விலையைக் கேட்டதும் எலிகெம் கார்டைக் கீழே வைத்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், தொட்டதற்கும் காசு கேட்பாரோ என்று.

"அது? டப்பாவோட புதுசா இருக்கே, விலையும் கம்மின்னு போட்டிருக்கு?"

"அது எதுவும் செய்யாதுடா," என்றான் ஃபீஃபி. "எல்லா வேலையையும் ப்ராசஸர் தலையில கட்டிட்டு, பேர மட்டும் இது எடுத்துக்கும்."

"எங்க மேனேஜர் மாதிரி."

"அதே ரகம்."

மூன்றாவது கார்டு, ஏதோ ஒரு தேசத்தில் யாரோ தூக்கிப்போட்ட இயந்திரத்திலிருந்து கழற்றியது. வேலையைத் தானே செய்யும் ஜாதிதான். ஆனால் பேட்டரி வீங்கிப் போயிருந்தது. அல்ஹாசன் ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பி எடுத்து டிராயரில் போட்டார்.

"இப்ப பாரு, வெயிட்டும் கம்மி."

"பேட்டரி இல்லாமயா?" ஃபீஃபி பதறினான். "நினைச்ச நேரத்துல கரண்ட் போற ஊருடா இது!"

"யுபிஎஸ் இருக்கு."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பக்கத்துல இருந்தா எந்திரிச்சுப் போய் ஒழுங்கா ஆஃப் பண்ற வரைக்கும்."

"பக்கத்துல இல்லன்னா?"

"கார்டு எதையும் கையில வச்சுக்க வேணாம், வந்தத வந்த உடனே டிஸ்க்ல எழுதுன்னு சொல்லி வச்சிடுவேன். மெதுவாத்தான் போகும். போகட்டுமே. நான் என்ன வங்கியா நடத்தறேன்?"

வங்கியை இழுத்தது ஃபீஃபிக்குச் சுட்டது. அதற்குத் தண்டனையாக எலிகெம் காசில் இரண்டு பொட்டலம் வாச்சே பயறுச் சோறு வாங்கி, இரண்டையும் அவனே சாப்பிட்டான். அந்தப் பேட்டரி இல்லாத கார்டோடு ஒரு பழைய கேபிளை அல்ஹாசன் இலவசமாகத் தந்தார். இலவசம் என்றபோதே யோசித்திருக்க வேண்டும்.

பெட்டி ஓடியது. அதற்குள் ஐந்து இயந்திரங்கள் ஓடின. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எதிர் அறையில் தையல் மெஷின் வைத்திருந்த அராபாவிடம் பீற்றிக்கொண்டான்.

"அந்த ஒரு பெட்டிக்குள்ள அஞ்சு கம்ப்யூட்டர் இருக்கு, தெரியுமா?"

"அஞ்சா?" என்றது அராபா இல்லை. பின்னால் தண்ணீர் பாக்கெட் மூட்டையோடு நின்ற மா டெடே.

"நிஜமான அஞ்சு இல்லம்மா. இருக்கற மாதிரி."

"மாதிரின்னா?"

"ஒவ்வொண்ணும் தான் தனியா ஒரு பெட்டில இருக்கறதா நினைச்சுக்கும்."

"நீயும் தனியா இருக்கேன்னு சொல்லிட்டுத்தான் சித்தப்பா பசங்க ரெண்டு பேர உள்ள படுக்க வச்சிருந்த. அவனுங்களுக்கும் சேத்து வாடகை வாங்கினேனா இல்லையா?"

"அது மனுஷங்கம்மா!"

"இதுங்க நினைக்குதுன்னு நீதானே சொன்ன? அஞ்சு புள்ளி. சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள ஒத்துக்கோ. இல்லன்னா பெட்டி வாசலுக்கு."

சனிக்கிழமை காலை. பொதுக் குளியலறையில் எலிகெம் தலைக்கு சோப்புப் போட்டு நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. பீ, பீ, பீ என்று காதைக் குத்தும் அழுகை. டிஸ்க் ஒன்று கைவிட்டுப் போனால் ரெய்டு கார்டு இப்படி அழும் என்று அவன் படித்திருந்தான். இவ்வளவு சத்தமாக என்று எழுதியிருக்கவில்லை.

"மீட்டர் அழுது!" என்று வெளியே மா டெடே கத்தினாள்.

காசு தீரப் போகும்போது மீட்டரும் இதே குரலில்தான் அழும். அது இருந்ததும் எலிகெமின் ஜன்னலை ஒட்டிய சுவரில்தான்.

"நேத்துதானே போட்டோம்? அந்தப் பெட்டி குடிச்சிடுச்சு! அஞ்சும் சேந்து குடிச்சிடுச்சு!"

அழுவது மீட்டர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சோப்பு உள்ளே போனது. துப்பிவிட்டு யோசித்தான். சொன்னால், காம்பவுண்டையே கூட்டி ஊளையிடுகிற பெட்டி என்று சாயந்திரம் வரைகூடக் காத்திராமல் வெளியே வைத்துவிடுவாள். பேசாமல் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டான்.

கடைசி அறை யாக்கூபு வாத்தியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். யார் அழுதாலும் பொறுக்காத மனுஷன். தன் போனிலிருந்தே மீட்டருக்குக் காசு போட்டார். எண் ஏறியது. அழுகை நிற்கவில்லை.

"காசு நிறைய இருக்கேம்மா. அப்புறம் ஏன் அழுது?"

"எவனோ உறிஞ்சறான். அதான் அழுது."

"அப்ப ஒவ்வொரு ரூமா ஆஃப் பண்ணிப் பாத்துடுவோம்," என்றார் வாத்தியார். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக மினுக்கும். இப்போது அது வெறி பிடித்ததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது.

முதல் அறை எலிகெமுடையது. அவன் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் மா டெடே ஜன்னல் வழியாகவே கையை விட்டு ஆசையாக ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். சிவப்பு விளக்கின் வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை. பெட்டி யுபிஎஸ்ஸில் உயிரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தது. அராபா ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். தன் தையல் மெஷினை அணைக்கப் போய்விட்டாள்.

அடுத்தடுத்து எல்லா அறையும் அணைந்தது. விளக்கு கிட்டத்தட்ட அதே வேகத்தில் மினுக்கியது. மிச்சம் மா டெடேயின் பின்கட்டு மட்டும். அங்கே மூன்று பெரிய ஃப்ரீசர்கள்.

"அது வேணாம். ஐஸ் உருகிடும்."

"ஒரு நிமிஷத்துல என்ன உருகப் போகுது?" கைக்காசு போட்ட வாத்தியார் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. உள்ளே போய் மூன்றையும் அணைத்துவிட்டு வந்தார்.

சிவப்பு விளக்கு நின்றுவிட்டது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மா டெடேயைப் பார்த்தார்கள். பீ, பீ என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. அதோடு இப்போது யுபிஎஸ்ஸும் சேர்ந்து முனக ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது செத்துவிடும். ஒற்றை டிஸ்க்கில் நொண்டிக்கொண்டிருக்கிற பெட்டி திடீரென்று அணைந்தால் இத்தனை மாதம் கற்றதெல்லாம் தரையில்.

"அம்மா," என்றான் எலிகெம். "அழறது மீட்டர் இல்ல. என் பெட்டிதான். ப்ளக்க மாட்ட விடுங்க."

"அப்ப நான் போட்ட காசு?" என்றார் வாத்தியார்.

"மீட்டர்லயேதான் இருக்கு சார். எல்லாருக்கும் பொதுவா."

வாத்தியார் அவனைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "சரி. மாட்டு. அத மட்டும் மாட்டு. பாப்போம்."

மாட்டினான். விளக்கு ஒருமுறை மினுக்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடி ஒருமுறை.

"ரெண்டு ஃபேன் அளவு," என்றார் வாத்தியார்.

மா டெடேக்கு எங்கிருந்து அவ்வளவு அவசரம் வந்ததோ தெரியவில்லை. "ஒரு புள்ளி! உன் பெட்டிக்கு ஒரு புள்ளி, போதுமா? முடிஞ்சுது. எல்லாரும் போய் வேலையப் பாருங்க. யாராவது அந்த ஃப்ரீசரப் போடுங்கப்பா."

எலிகெமுக்கு நியாயத்தை விளக்கிவிட வேண்டும் போலிருந்தது. "அதாவதும்மா, உள்ள அஞ்சு இருந்தாலும் ப்ராசஸர் ஒண்ணுதான், அதனால..."

அராபா அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஜெயிச்சுட்ட. வாய மூடிட்டு உள்ள போ."

போனான். மற்றவர்கள் யாரும் நகரவில்லை. பெட்டியைத் திறந்தான். இலவசக் கேபிளின் ஒரு முனை கழன்று தொங்கியது. அழுத்திச் செருகினான். விழுந்த டிஸ்க்கைக் கார்டு சேர்த்துக்கொண்டு, மற்றதைப் பார்த்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தது. முடிய ராத்திரி ஆகும். அதுவரை அழுவேன் என்பதுபோல் அழுதுகொண்டிருந்தது.

வெளியே வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஃப்ரீசர் மூணுக்கும் நாம எத்தனை புள்ளி போட்டிருக்கோம்?"

"வீட்டுக்காரிக்கு ஏது புள்ளி?"

"ஓ!" என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக எழுந்தன. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அதற்கு மேல் வந்தது சரியாகக் கேட்கவில்லை. எலிகெம் கட்டளையைத் தட்டி அழுகையை நிறுத்தினான். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தான்.