கொட்டாவி உள்ள பதிப்பு

நாலாவது மாடியின் புதிய பாடல் வெளியான வெள்ளிக்கிழமை மாலை, அதை முதலில் ஒலிக்கவிட்ட நடனக்கூடத்தில் இருந்த எல்லோரும் ஆடிக்கொண்டே தூங்கிப்போனார்கள். ஒருவரும் கீழே விழவில்லை. கண்கள் மூடின, தலைகள் சற்றுத் தொங்கின, கால்கள் மட்டும் தாளத்தை விடவில்லை. அடுத்த பாடல் தொடங்கியபோது விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அந்தச் சில நிமிடங்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று மது பரிமாறுபவர் கூடத்துக்காரரிடம் சொன்னார். கூடத்துக்காரர் ஏசியைப் பார்க்க ஆள் வரவழைத்தார். ஏசியில் பழுது இல்லை. மறுநாளும் அதே பாடலில் அதே இடத்தில், தாளம் அடங்கி மெல்லிய ஒலி மட்டும் ஓடும் நடுப்பகுதியில், கூடம் முழுக்கத் தூங்கியது. பாட்டுப் போடும் டிஜேக்கள் மட்டும் தப்பினார்கள். அவர்களுடைய ஹெட்போனில் எப்போதும் அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வாரம் இரண்டு கழிவதற்குள் இரவுப் பணி செவிலியர்களும் கைக்குழந்தைக்காரிகளும் டாக்சி ஓட்டுபவர்களும் அந்தப் பாடல் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே விசாரித்து வந்தார்கள். கூடத்துக்காரர் அவர்களுக்காக ஞாயிறு பிற்பகலிலும் கதவைத் திறந்தார்.

நாலாவது மாடி என்பது ஓர் ஆளின் தொழில்பெயர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அந்த மாடியில் குடியிருந்ததால் வைத்துக்கொண்டது. பகலில் பார்சல் நிறுவனமொன்றில் தப்பான முகவரிகளைத் திருத்துவான். மிச்ச நேரத்தில் படுக்கையறை மூலையில் கணினியில் ஹவுஸ் என்னும் நடன இசை செய்வான். நிமிடத்துக்கு நூற்றிருபத்துநான்கு அடி, அடி பிசகாமல், ஆறேழு நிமிடம். அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க நின்றபடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுவிட்டு வீடு வருவாள். வீட்டில் அவன் இரண்டு பேஸ் ஒலிகளை மாற்றி மாற்றிப் போட்டு அதே கேள்வியை அவளிடம் கேட்பான். அழுக்குத்துணிக் கூடையின் மூடிமேல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்ப்பா" என்பாள். ஆனால் கொட்டாவி விட்டாளானால் அவன் அந்த இடத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். "காலைல இருந்து நிக்கிறேன், அதான் கொட்டாவி. உன் பாட்டுக்கு இல்ல" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்டதில்லை. அவளுடைய கொட்டாவி நீளமாகப் புறப்பட்டு, கடைசியில் எண்ணெய் காணாத தாழ்ப்பாள் மாதிரி ஒரு சிறிய கீச்சோடு நிற்கும்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து, மழை விடுவதற்குள் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவன் தூங்கவில்லை. சரியாகத் தூங்கவில்லை என்பதல்ல, தூங்கவே இல்லை. விளக்கை அணைத்துப் படுப்பான், திறந்த கண்ணோடு விடியும்வரை கிடப்பான், எழுந்து சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போவான். கண்ணுக்குக் கீழே கருவளையம்கூட விழவில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் நாக்கில் கசந்ததோடு சரி. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவனே காபி கலந்து கொடுத்து, சர்க்கரை போதுமா என்று விசாரித்தான். "அழுதுடுப்பா, அழுதா தூக்கம் வரும்" என்று அவன் அம்மா தொலைபேசியில் சொன்னாள். "சரிம்மா" என்றான். எல்லாவற்றுக்கும் சரி என்றே சொன்னான். பாடல்களை வெளியிடும் நிறுவனத்துப் பெண், பாதியில் நிற்கும் பாட்டு ஏதாவது இருக்கிறதா, கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாள். அதற்கும் சரி என்றான். கணினியில் கிடந்த துண்டுகளைச் சேர்த்து முடித்து அனுப்பினான். அதுதான் மேலே சொன்ன பாடல்.

மனைவியின் தம்பி, பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவன், மாமா தனியாக இருக்க வேண்டாம் என்று பெட்டியோடு வந்து வீட்டு முன்னறை சோபாவில் குடியேறியிருந்தான். நாலாவது மாடியின் இணையப் பக்கத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். சண்டையைத் தொடங்கியது வெள்ளைத்தொப்பி. அந்த ஊரின் மூத்த டிஜே. இருபது வருடமாக இசைத்தட்டு தவிர வேறெதையும் தொடாதவர், கணினிப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைத் தூக்குகிறவர்களை மனிதராகவே மதிக்காதவர். அவர் எழுதினார்: "ஆளைத் தூங்க வைக்கிறதுக்குப் பேர் ஹவுஸ் இல்ல, ஆஸ்பத்திரி." மச்சினன் பல் மாவு ஒட்டிய விரலாலேயே பதில் அடித்தான்: "உங்க பாட்டுக்கு எல்லாரும் முழிச்சுதான் இருக்காங்க தலைவரே, வாசல் எங்கன்னு தேடணும்ல." இது ஒரே நாளில் எங்கெங்கோ பரவியது. தொப்பிக்காரர்கள் என்றும் மாடிக்காரர்கள் என்றும் இரண்டு கட்சி உண்டானது. இதற்கு முன் ஹவுஸ் இசையே கேட்டிராதவர்கள்கூட ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தார்கள். தூங்குகிறவர்கள் வாடகைக்குப் பிடித்துவந்த ஆட்கள் என்றார் தொப்பி. உங்களைக் கேட்கத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும் என்றான் மச்சினன். நிச்சயமான ஒரு திருமணம் இதனால் நின்றது, பிறகு நடந்தது. "மாமா, இன்னிக்கு அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டேன், படிக்கிறீங்களா?" என்று மச்சினன் தினமும் கேட்பான். "சரி" என்பான் நாலாவது மாடி, படிக்கமாட்டான்.

பிறகு ஒரு நாள் வெள்ளைத்தொப்பி பாடலின் நடுப்பகுதியை வெட்டி, வேகத்தையும் ஒலியையும் கூட்டிப் பதிவேற்றினார். அதில் ஒரு கொட்டாவி இருந்தது. பாட்டிலிருந்து பிரிந்து தனியாக ஒலித்ததால் அது யாரையும் தூங்க வைக்கவில்லை. "மைக்கை மூடத் தெரியாத ஆளெல்லாம் பாட்டு போடுறான். ஸ்டுடியோல யாரோ கொட்டாவி விட்டிருக்கா. அதைக் கேட்டுத்தான் ஊரே தூங்குது. கொட்டாவி ஒட்டுவாரொட்டி, குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்று எழுதினார். அது உண்மைதான். பாட்டின் தாளத்துக்காகத் தகர டப்பாவில் குண்டூசிகளைப் போட்டுக் குலுக்கி அந்தச் சத்தத்தை மைக்கில் பதிவு செய்த மாலை, குலுக்கி முடித்தும் அவன் மைக்கை அணைக்க மறந்திருந்தான். அடுத்த அறையில் அடுப்பை நிறுத்த அவன் போனபோது கூடையின்மேல் மனைவி மட்டும் இருந்தாள். பின்னால் துண்டுகளைச் சேர்க்கையில் அந்தப் பதிவின் வாலை இழுத்து நீட்டி, எதிரொலி ஏற்றி, நடுப்பகுதிக்குப் பின்னணியாக வைத்திருந்தான். இழுத்து நீட்டியதில் அது மூச்சா காற்றா என்று அவனுக்கே தெரியாமல் போயிருந்தது.

மச்சினன் அன்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். போனை மாமாவிடம் நீட்டினான். "மாமா, இது அக்கா." நாலாவது மாடி கேட்டான். கடைசிக் கீச்சுவரை கேட்டு, திரும்பப் போட்டுக் கேட்டான். "ஆமா" என்றான். பிறகு போய்ப் பாத்திரங்களைக் கழுவினான். ஏற்கெனவே கழுவியவை அவை.

மறுநாள் வெளியீட்டு நிறுவனத்துப் பெண் அழைத்தாள். மற்ற ஊர்க் கூடங்களில் பாட்டைப் போட மறுக்கிறார்கள், தூங்குகிறவர்கள் எதுவும் வாங்கிக் குடிப்பதில்லை. "அந்தக் கொட்டாவியை மட்டும் எடுத்துட்டு அனுப்புங்களேன். கொஞ்ச நேரம்தான் வருது. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். வாயில் வந்து நின்ற சரி அன்று வெளியே வரவில்லை. மனைவி இறந்ததிலிருந்து அவனுக்கு எதிலும் வேண்டும், வேண்டாம் என்பது இல்லாமல் போயிருந்தது. இதில் மட்டும் வேண்டாம் என்று இருந்தது. "வேண்டாங்க" என்றான். வெள்ளைத்தொப்பி தானே அதை வெட்டியெடுத்து ஒரு பதிப்பு செய்து இசைத்தட்டாகவே பதித்திருக்கிறார் என்றாள் அந்தப் பெண். ஞாயிறு பிற்பகல் அதே கூடத்தில், இணையத்தில் நேரலையாக அதை ஒலிக்கவிடப்போகிறார். ஆட்கள் விழித்திருந்தால் நிறுவனம் அந்தப் பதிப்பையே வைத்துக்கொண்டு பழையதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடும். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. "நீங்களும் வாங்க" என்றாள்.

ஞாயிறன்று இரண்டு கட்சியும் வந்திருந்தது. மற்றபடி எப்போதும் வரும் செவிலியர்களும் டாக்சிக்காரர்களும், தோளில் குழந்தையோடு ஒருத்தியும். நாலாவது மாடி வேலைக்குப் போகும் சட்டையிலேயே மேடையின் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றான். வெள்ளைத்தொப்பி மைக்கை எடுத்து நெடுநேரம் பேசினார். இசை என்பது ஆளை எழுப்புவதற்கு, தாலாட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றார். பக்கத்தில் நிற்பவனைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "உன் மேல எனக்குக் கோபம் இல்ல தம்பி, வேலையில சுத்தம் வேணும், அவ்வளவுதான்" என்றார். "சரிங்க" என்றான். பேசிய சுவாரசியத்தில் அவர் மைக்கை அணைக்காமல் மேசை விளிம்பில், அவன் நின்ற பக்கமாக வைத்தார். வேறு பாட்டு எதுவும் போடப்போவதில்லை என்று காட்ட ஹெட்போனையும் கழற்றி எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துவிட்டுக் கீழே போட்டார்.

நடுப்பகுதி வந்தது. கொட்டாவி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒருவரும் தூங்கவில்லை, ஆனால் ஆட்டமும் நின்றுவிட்டது. வராத பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோளில் இருந்த குழந்தை அழுதது. தொப்பிக்காரர்கள் இரண்டு பேர் கை தட்டத் தொடங்கினார்கள். வெள்ளைத்தொப்பி நேரலைக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அப்போது நாலாவது மாடிக்குத் தாடை தானாகத் திறந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. நீளமாகப் புறப்பட்டு, கடைசியில் ஒரு சிறிய கீச்சோடு நின்ற அந்தக் கொட்டாவி, திறந்திருந்த மைக்கில் ஏறி எல்லா ஒலிபெருக்கியிலும் வந்தது. கூட்டத்தில் நின்றிருந்த மச்சினன் "அக்கா" என்றான். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். செவிலியர்கள் தூங்கினார்கள், குழந்தை தூங்கியது, கைதட்டிய இருவரும் கைகள் சேர்ந்தபடியே தூங்கினார்கள். கால்கள் எல்லாம் ஆடத் தொடங்கின. வெள்ளைத்தொப்பி இசைத்தட்டின்மேல் விரலை வைத்தபடி, வாய் சற்றுத் திறந்து, இருபது வருடத்தில் முதல்முறையாக மேடையில் ஆடினார். நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தூங்கிவிட்டதால் கொஞ்ச நேரம் இரண்டு கட்சியிலிருந்தும் ஒரு வசவும் வரவில்லை.

பாடல் முடிந்ததும் எல்லோரும் விழித்தார்கள், நாலாவது மாடியைத் தவிர. ஒலிபெருக்கியில் சாய்ந்து, சட்டைக் கையில் முகத்தைப் பதித்து அவன் தூங்கினான். "தொடாதீங்க" என்றான் மச்சினன். ஒருவரும் தொடவில்லை. கூடத்துக்காரர் அவனைச் சுற்றிப் பெருக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியம் தானாக எழுந்து, பார்சல் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லவில்லையே என்று கவலைப்பட்டான். பிறகு அழுதான், கொஞ்ச நேரம். பிறகு பசிக்கிறது என்றான்.

நிறுவனம் கொட்டாவி உள்ள பதிப்பையே வைத்துக்கொண்டது. தான் தூங்கவில்லை, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்ததாக வெள்ளைத்தொப்பி எழுதினார். யோசிக்கும்போது குறட்டை விடும் முதல் அறிஞர் நீங்கள்தான் என்று மச்சினன் எழுதினான். அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. ஆனாலும் ஞாயிறு பிற்பகல்களில் பாடலைப் போடுவது வெள்ளைத்தொப்பிதான். அது வரும்போது ஹெட்போனைக் கழற்றிவிடுகிறார். நாலாவது மாடி இப்போது தினமும் தூங்குகிறான். வெள்ளிக்கிழமை வெளியிடப் புதிய பாட்டு ஏதாவது இருந்தால், முடித்தபின் கூடையின் மூடிமேல் உட்கார்ந்து ஒருமுறை கேட்கிறான். தன் வாயில் அந்தக் கொட்டாவி வந்தால் அந்த இடத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறான்.