ஆறே முக்கால் அங்குலம்

ஆறே முக்கால் அங்குலத்தில் பெரிய திரை போன்கள் வந்ததும் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான செயலி. அதில் பிழை தேடுவது என் வேலை. திரை நீண்டுவிட்டது, பாதி இடம் சும்மா கிடக்கிறது, எதையாவது போட்டு நிரப்புங்கள் என்றார் மேலாளர். சிரிக்கிற டாக்டர் படம் ஒன்றைப் போட்டு நிரப்பினோம்.

ஆறு போன்களில் சோதித்தேன். கண் இமைப்பதற்குள் திறந்தது, எங்கும் திணறவில்லை. ஒரே ஒரு பிழை. எழுத்தை மிகப் பெரிதாக வைத்தால் டாக்டர் சிரித்தபடி இருப்பார். கீழே இருக்கும் 'உறுதி செய்' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். விரலால் எவ்வளவு தள்ளினாலும் வராது. அதைப் பிழைப் பட்டியலில் எழுதியவனும் நான்தான், கூட்டத்தில் அதைக் கேலி செய்தவனும் நான்தான்.

"இத்தா பெரிய போன வாங்கிட்டு எழுத்தையும் பெருசாக்குறவங்களுக்கு டிவிதான் வாங்கிக் குடுக்கணும்" என்றேன். மேலாளர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. 'அவசரமில்லை' என்று குறித்து, என் பெயரிலேயே மூடிவிட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அக்காவும் பிழை தேடுகிறவள்தான். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சரிபார்க்கும் மேசையில் பதினாறு வருடம். அவளுக்கு வலது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். இடது கண்ணை நம்பித்தான் பிழைப்பு. அந்தக் கூட்டம் நடந்து எட்டு மாதம் கழித்து அவளுடைய இடது கண்ணில் விழித்திரை விலகத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்கள். இடம் கிடைத்ததும் செயலியில் தேதி வரும், அன்று மாலை ஆறு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் செயலியேதான்.

பெரிய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியட்டும் என்று எழுத்தை மிகப் பெரிதாக வைத்ததும் நானே. அப்போதும் என் மரமண்டையில் உறைக்கவில்லை. கிளம்பும்போது, தொட்டதுக்கெல்லாம் கூப்பிடாதே, எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை தேதி வந்தது. கீழே உள்ள பொத்தானை அழுத்தவும் என்று இருந்ததைப் படித்திருக்கிறாள். கீழே பொத்தான் இல்லை. நேரமானால் வரும்போலிருக்கிறது என்று போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆறு மணி வரை டாக்டர் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் மருத்துவமனைக்குப் போய் நின்றபோது அவள் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

அடுத்த இடம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. அலுவலகத்தில் நான் அந்தப் பிழையைத் திறந்து சரிசெய்யச் சொன்னேன். பத்து நிமிட வேலை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எத்தனை பேரை நக்கலடித்திருப்பேன். என்னை யாரும் நக்கலடிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அக்காவை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். முகத்தை என் பக்கம் திருப்பினாள், பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ நின்றது. பொத்தான் இருந்ததாடா என்று கேட்டாள். இருந்தது, எழுத்தைப் பெரிதாக வைத்ததால் திரைக்கு வெளியே போய்விட்டது என்றேன். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்குமா என்றாள். தெரியாது என்றேன். அதுவரை அவள் குரலில் கோபமே இல்லை.

"எங்க மேசையில பாத்து முடிச்ச ஒவ்வொரு சட்டைப் பையிலயும் ஒரு நம்பர் சீட்டு வைப்போம். துணி திரும்பி வந்தா யார் பாத்து விட்டதுன்னு தெரிஞ்சிடும். என் நம்பர் நாப்பத்தொண்ணு. பதினாறு வருசத்துல ஒண்ணுகூடத் திரும்பி வரல" என்றாள். பிறகு, "உங்க ஆபீஸ்ல அப்படி எதுவும் கிடையாதா?"

"இருக்குக்கா" என்றேன்.

அவள் கையை நீட்டித் தடவி, என் சட்டைப் பையைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.