அந்தப் பக்கம் நிற்பவன்

டர்பன் மார்க்கெட் சந்திப்பின் நெரிசலைக் குறைக்கும் வேலையை நகராட்சியில் என் தலையில் கட்டினார்கள். ஒரு வாரம் கேமராவில் பார்த்தேன். மினிபஸ் டாக்ஸிகள் பாலம் வரை தேங்கி நிற்பதற்குக் காரணம், நடந்து கடப்பவர்களுக்கான பொத்தான். அதை அழுத்தினால் வண்டிகளுக்கு நாலு பக்கமும் சிவப்பு விழும். சிவப்பு விழுந்துகொண்டே இருந்தது. கடக்கத்தான் அங்கே யாரும் இல்லை.

பொத்தானை மாற்றினோம், வயரை மாற்றினோம். காலி நடைபாதையில் அது பாட்டுக்கு அழுந்திக்கொண்டிருந்தது. போன வருடம் என் தம்பி பெக்கானி அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் லாரியில் அடிபட்டான், பிழைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கனெக்‌ஷனையே புடுங்கிடறேன்," என்றார் மேலாளர் மூட்லி. "பேய் அழுத்துதுன்னு ரிப்போர்ட் எழுதினா நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, ஹ்லெங்கி."

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கனவுல வர்றான்டி. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கிறான். கூப்பிட்டா வரமாட்டேங்கிறான்."

"அப்பாதான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் ஆவியைக் கூட்டிட்டு வந்தாரேம்மா."

"உசுரு ரோட்டுலயே போயிருச்சு. அங்கதான் செத்தான்னு ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னதை நம்பி, வெறும் கட்டில்கிட்ட 'வாடா மகனே'ன்னு பேசிட்டு வந்தாரு உங்கப்பா. பொத்தானையும் புடுங்கிட்டா புள்ள எப்படிடி கடப்பான்?"

அப்பா முழங்கால் வலியோடு எழுந்து போய், கொல்லையில் முள் இலந்தைக் கிளை ஒன்றை வெட்டி வந்தார். எங்கள் வழக்கப்படி, இறந்தவரின் ஆவியை உயிர் போன இடத்திலிருந்து அழைத்துவர அந்தக் கிளைதான் வேண்டும்.

"கிளை கையில இருக்கறப்ப அவன்கிட்ட மட்டும் பேசு, வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. டாக்ஸியில அவனுக்கும் ஒரு சீட் புடி," என்று அதை என்னிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது வயர் அறுந்து தொங்கியது. மூட்லி முந்திக்கொண்டார். வண்டிகள் நிற்காமல் பாய்ந்தன. நான் இத்தனை நாளாக ஆசைப்பட்ட ஓட்டம்தான். இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிளையை நடைபாதையில் வைத்தேன். "பெக்கானி, அக்கா வந்திருக்கேன். வீட்டுக்குப் போலாம் வா."

எடுத்தபோது கிளை கனத்தது.

வீட்டுக்குப் போகும் டாக்ஸி எதிர்ப்பக்கம் நின்றது. பொத்தானை அழுத்திப் பார்த்தேன், பயனில்லை. போன் அடித்தது. மூட்லி. எடுக்கவில்லை. கிளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினேன்.

முதல் டாக்ஸி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் திட்டுவதற்குத் தலையை நீட்டியவன் கிளையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"நில்லுங்கப்பா," என்று பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தான். "தவறிப்போன ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

ஒவ்வொன்றாக எல்லா வண்டிகளும் நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. போன் மட்டும் விடாமல் அடித்தது. பாலத்தைத் தாண்டி நீளும் வரிசையை மூட்லி கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும்.

"பயப்படாதடா," என்றேன். "எல்லாரும் நின்னுட்டாங்க. மெதுவா வா."