கைப்பிரேக் போட்ட கார்

எங்கள் தீவின் பழைய தெருவில் கார் நிறுத்துவோர் கைப்பிரேக் போடுவதில்லை. வழி வேண்டுவோர் தள்ளிக்கொள்ளலாம் என்பது வழக்கம். சக்கர நாற்காலியில் செல்லும் என் அக்கா எந்தக் காரைத் தள்ளுவாள்? நடைபாதை கேட்டு மனுக் கொடுத்தேன். நகரமன்றத் தலைவர் அதை என்னிடமே திருப்பித் தந்து சிரித்தார்.

"உங்க அக்கா பறந்து போகட்டுமே, தம்பி!"

மறுநாள் காலை, கார்கள் அனைத்தும் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. தள்ளியவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. வெகுண்ட தலைவர் தம் காரை நடுத்தெருவில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, உள்ளேயே அமர்ந்தார்.

"இப்ப தள்ளச் சொல்லு, பாக்கலாம்!"

பட்டப்பகலில், எங்கள் கண்ணெதிரே, தூசி படிந்த பின்கண்ணாடியில் உள்ளங்கைத் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. ஆள் எவருமில்லை. பூட்டிய சக்கரங்கள் கல்லில் உரசிக் கதற, கார் நகர்ந்தது.

"அந்த மனுவைக் கொண்டாப்பா!" என்று அலறினார் தலைவர். சன்னல் வழியே நீட்டினேன். அவர் கையெழுத்திட்டு முடிக்கும்வரை கார் நிற்கவே இல்லை.