மேல்வரிசையில் பத்து

தலைமையாசிரியை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் பட்டாணியின் அம்மா தையல் ஆலைச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்திருக்கிறாள். மடியில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை.

“தலையில ஒண்ணுமே இல்லைங்கறாரு டாக்டர். அப்புறம் ஏன் டீச்சர் இவ இப்படி ஆயிட்டா?”

வகுப்பு ஆசிரியை அந்த உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இரண்டாம் வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் அந்தப் பெண்ணுக்குப் பட்டாணி என்று பெயர். கூட்டல் என்றால் மற்றவர்கள் யோசிக்கும் முன்பே விடை சொல்லிவிடுவாள். போன மாதம் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பற்கள் இரண்டும் அன்றைக்கே போயின. வகுப்பில் ‘பொக்கை’ என்று கேலி செய்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கணக்கு தப்ப ஆரம்பித்தது. எல்லாமும் தப்பவில்லை. சின்ன எண்ணைக் கூட்டச் சொன்னால் சரியாக வரும். பெரிய எண் என்றால் விடை பெரும்பாலும் இரண்டு குறையும். அடிபட்ட மூளை இவ்வளவு கச்சிதமாகவா தப்பு செய்யும் என்ற கேள்வி ஆசிரியையைக் குடைந்துகொண்டே இருந்தது.

இன்றைக்குத் தலைமையாசிரியையே நேரில் கேட்டுப் பார்க்கப் போகிறார். தேறாவிட்டால் பட்டாணி, படிப்பில் பின்தங்கியவர்களுக்காக நடைபாதைக் கோடியில் இருக்கும் தனி அறைக்குப் போக வேண்டும். பாடத்தைப் பிடித்துக்கொண்டால் பழைய வகுப்புக்கே திரும்பலாம் என்றுதான் சொல்வார்கள். அப்படித் திரும்பிய குழந்தையை ஆசிரியை இதுவரை பார்த்ததில்லை.

மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பட்டாணி மேசை முன்னால் போய்க் கைகட்டி நின்றாள். இரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்றால் எல்லோரும் கைகட்ட வேண்டும். விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு மனக்கணக்கு வராது என்பது தலைமையாசிரியையின் கட்சி. ஆசிரியையும் அதைக் கறாராகவே நடத்தி வந்தார்.

“நாலும் மூணும்?”

“ஏழு.”

“ஒன்பதும் ரெண்டும்?”

“பதினொண்ணு.”

அம்மா மூச்சு விட்டாள்.

“ஆறும் ஏழும்?”

பட்டாணியின் கண்கள் மேலே போயின. உதடுகள் இறுக மூடிக்கொண்டன.

“பதினொண்ணு.”

“அஞ்சும் எட்டும்?”

“பதினொண்ணு.”

“எதைக் கேட்டாலும் பதினொண்ணுதானா உனக்கு?” தலைமையாசிரியை பேனா மூடியைத் திறந்தார்.

ஆசிரியை அப்போது பட்டாணியின் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டுக்குள்ளே ஒரு சின்னப் புடைப்பு இடமிருந்து வலமாக நகர்ந்து, ஒரு இடத்தில் வந்து நின்றிருந்தது.

“மேடம், ஒரு நிமிஷம்.”

“நீங்க நடுவுல பேசக் கூடாது டீச்சர்.”

“பேசலை மேடம். கண்ணு, வாயைத் திறந்து வச்சுக்கிட்டே ஆறும் ஏழும் போடு பார்ப்போம்.”

பட்டாணி வாயைத் திறந்தாள். நாக்கு நுனி இடது கோடிப் பல்லில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது. நடுவில் காலி இடம். அதைத் தாண்டி இன்னும் ஒரு பல்லைத் தொட்டு நின்றுவிட்டது.

“எதை எண்ணின?”

“பல்லை.”

“பல்லையா?”

“கை கட்டியிருக்கோம்ல டீச்சர்.” இதுகூடத் தெரியாதா என்கிற தொனி. “மேல பத்து இருக்கு. கை மாதிரியே. ஏழு இங்க இருக்கும்.” தொட்டுக் காட்டினாள். வலப்பக்கம் கோரைப்பல்லுக்கு முந்தைய பல்.

“நடுவுல ரெண்டு எங்க?”

“அது விழுந்துடுச்சே.”

அந்த இரண்டுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் நின்றாள். ஏழின் இடம் நாக்குக்கு மனப்பாடம், அங்கே போய் நின்றுகொள்கிறது. வழியில் தொட்டது ஐந்து பற்களைத்தான். ஆறுக்கு மேல் ஏழுக்குப் பதிலாக ஐந்துதான் கூடியிருக்கிறது.

“இவளுக்குக் கையைக் குடுத்துப் பாருங்க மேடம்.”

“விரல் விட்டா அது மனக்கணக்கா டீச்சர்?”

“பல்லை எண்ணினா மட்டும் மனக்கணக்கா மேடம்?”

சொன்ன பிறகுதான் ஆசிரியைக்குத் தன் நிலை உறைத்தது. இவர் தற்காலிக வேலையில் இருப்பவர். அடுத்த வருடத்துக்கான உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

தலைமையாசிரியை கோபப்படவில்லை. “சரி, கையை எடு பாப்பா” என்றார்.

பட்டாணி எடுக்கவில்லை. ஆசிரியையைப் பார்த்தாள், தலைமையாசிரியையைப் பார்த்தாள், கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “எடு கண்ணு” என்றாள் அம்மா. “திட்டுவாங்க” என்று முணுமுணுத்தாள் பட்டாணி.

தலைமையாசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்து நின்றார்.

“நான் பார்க்கலை. ஆறும் ஏழும்?”

முதுகு திரும்பிவிடுமோ என்று ஆசிரியை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. பட்டாணியின் கைகள் மெல்லப் பிரிந்தன. விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

“பதிமூணு.”

“அஞ்சும் எட்டும்?”

“பதிமூணு.”

“எதைக் கேட்டாலும் பதிமூணா?” குரலில் பழைய முறைப்பு இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே மேலும் சில கணக்குகள் கேட்டார். எல்லாம் சரி.

“உங்க வகுப்புலயே இருக்கட்டும். ஆனா பரீட்சை ஹால்ல நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது டீச்சர்.”

வெளியே வந்ததும் அம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். “சாப்பிடும்போதும் வாய் அசைஞ்சுகிட்டே இருக்கும் டீச்சர். நான் வலிப்பு வருதோன்னு…” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

ஆசிரியை பட்டாணியை அழைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். இவரைக் கண்டதும் இரைச்சல் அடங்கியது. எல்லோரும் கைகட்டிக்கொண்டார்கள். பலகையில் ஏழையும் எட்டையும் கூட்டச் சொல்லி எழுதிவிட்டு, யாரையும் கேட்காமல் முகங்களைப் பார்த்தார். முதல் வரிசையில் இரண்டு பேருடைய மேலுதடு அசைந்தது. அதற்குப் பின்னால் ஒருவன் கண்ணை மூடிக் கன்னத்துக்குள் நாக்கால் எதையோ தேடிக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் ஒருத்தியின் கால் விரல்கள் செருப்புக்குள் ஒவ்வொன்றாக மடங்கின.

நடைபாதையில் யாரோ வரும் சத்தம் கேட்டது. ஆசிரியை போய்க் கதவைச் சாத்தினார்.

“எல்லாரும் கையை எடுங்க” என்றார்.

யாரும் எடுக்கவில்லை.